மல்லாபூர் ஓட்டை அண்ணன்

ஹைதராபாத்தில் புது வண்டி வாங்கியவர்களை அதிகமாக அழவைத்தது யார் என்று ஒரு போட்டி வைத்தால், பெட்ரோல் விலைக்கு இரண்டாம் பரிசுதான் கிடைக்கும். முதல் பரிசு மல்லாபூர் ஓட்டை அண்ணனுக்கு.

பெற்றோர் வைத்த பெயர் ஒன்றும் அவருக்கு இருந்தது. பின்னாளில் ஓர் ஆஸ்பத்திரி வராந்தாவில் நர்ஸ் அந்தப் பெயரைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டபோது, கூடப் போயிருந்த நான் எழுந்திருக்கவில்லை. அவர் மனைவி சரோஜா அக்காவும் எழுந்திருக்கவில்லை. அவரோ, "யாருய்யா அது, கூப்ட்டா போவ மாட்டானா?" என்று பக்கத்து பெஞ்சைப் பார்த்து முறைத்துக்கொண்டிருந்தார்.

தொழில், ஜீப்புகளுக்கு ரேடியோ பொருத்துவது. பாட்டுக் கேட்கிற ரேடியோ இல்லை. வண்டிக்கு வண்டி பேசிக்கொள்கிற ரேடியோ. ஞாயிற்றுக்கிழமை ஆனால் செல்போன் சிக்னல் செத்துப்போகும் காட்டுக்கு வண்டியை ஓட்டிப்போய், வேண்டுமென்றே சேற்றில் இறக்கி, சிக்கவைத்து, கயிறு கட்டி இழுத்து, உடம்பெல்லாம் களிமண்ணோடு திரும்பி வந்து அதை ஆனந்தம் என்று சொல்கிற ஒரு கூட்டம் இந்த ஊரில் உண்டு. முன்னால் போகிற வண்டி பள்ளத்தில் விழுந்தால் பின்னால் வருகிற வண்டிக்குத் தெரிய வேண்டுமே, அதற்கு ரேடியோ. அதற்கு ஓட்டை அண்ணன்.

மத்திய அரசின் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியனாக இருந்து, மேலதிகாரிகள் எல்லோரோடும் ஒரு சுற்று சண்டை போட்டு முடித்ததும் இனி அங்கே வேலையில்லை என்று முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டு வந்தவர். பூர்வீகம் அரக்கோணம். அப்பா ரயில்வே பட்டறை வேலைக்காக இங்கே வந்து சேர்ந்தவர். மல்லாபூரில் ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறையின் பின்பக்கம், தகரக் கூரை போட்ட ஷெட், அதை ஒட்டியே அவர் வீடு. அங்கே காற்றுக்கே இரும்பின் ருசி. கிரைண்டர் சத்தத்தை மீறி எல்லோரும் கத்தியே பேசுவார்கள். அண்ணன் கிரைண்டர் நின்ற பிறகும் கத்துவார்.

அவருக்கு ஒரே ஒரு மதம்தான். ஆன்டெனா வண்டிக்கூரையின் நட்டநடுவில் இருக்க வேண்டும். ஒட்டக் கூடாது, கட்டக் கூடாது. டிரில் போட்டு, கூரையைத் துளைத்து, பெயின்டைச் சுரண்டி, வெறும் இரும்பில் உட்கார வைக்க வேண்டும்.

"ஆன்டெனான்றது பாதிதான் தம்பி. மீதிப் பாதி வண்டியோட தகரம். நடுவுல வெச்சாத்தான் நாலு பக்கமும் சமமா போவும். ஓரத்துல வெச்சா ஒரு பக்கம் கத்தும், ஒரு பக்கம் ஊமையாப் பூடும். அதுவும் சரியா உக்காரலேன்னா, போவாத பேச்சு திரும்பி வந்து செட்டையே எரிச்சுடும்."

போகாத பேச்சு திரும்பி வந்து, பேசியதையே எரிக்கும். இதை அவர் நட்டு முடுக்கிக்கொண்டே சொன்னார்.

கிரண் கதையைச் சொல்ல வேண்டும். அமீர்பேட்டில் கோச்சிங் சென்டர் வைத்திருக்கும் தெலுங்குக்காரர். ஷோரூமிலிருந்து நேராக ஜீப்பை ஷெட்டுக்கு ஓட்டி வந்தார். நெற்றியில் வைத்த பொட்டுபோல பானெட்டில் குங்குமம் இன்னும் ஈரம் காயவில்லை. அண்ணன் ஏணி போட்டு ஏறினார். கூரையில் சாக்பீஸால் மூலைக்கு மூலை கோடு இழுத்தார். கோடுகள் வெட்டிக்கொண்ட இடத்தில் ஒரு சுழி. அப்புறம்தான் டிரில் மெஷினை எடுத்தார்.

கிரண் அலறினார். "அண்ணா, நக்கோ, வேணாம்! ஹோல் நக்கோ அண்ணா! மேக்னெட் வெச்சு ஒட்டுங்க. சீட்டு மேல பிளாஸ்டிக் கவர்கூட இன்னும் பிரிக்கல!"

"மேக்னெட்டா? மொத மரக்கெளையே அத்தப் புடுங்கினு பூடும். எதுக்கு பயப்புடுற? உன் பொண்ணுக்குக் காது குத்தலையா?"

"குத்தினோம்..."

"அழுதுச்சா?"

"அழுதுச்சு."

"இப்பக் கம்மல் போட்டுனு சிரிக்குதா இல்லையா? போ, போயி அந்தாண்ட நில்லு. ஓட்டை போடறப்ப அப்பங்காரன் பாக்கக் கூடாது."

கிரண் கேட் பக்கம் போய்க் குந்தி உட்கார்ந்து இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். டிரில் கத்தியது. நின்றது. அண்ணன் ஏணியிலிருந்து இறங்கி, கூரையிலிருந்து விழுந்த வட்டத் தகரத் துண்டை கிரண் உள்ளங்கையில் வைத்து மூடினார். "பத்திரமா வெச்சிக்க. உன் வண்டியோட தொப்புள்கொடி." கோச்சிங் சென்டரில் ஆயிரம் பிள்ளைகளை அதட்டுகிற மனிதர், கர்ச்சீப்பை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நடுத்தர வயதில் சிலருக்குச் சர்க்கரை வரும். எனக்கு ஜீப் வந்தது. பழைய ஜீப். எங்கேயாவது போய்க்கொண்டே இருக்க வேண்டும் என்று உள்ளுக்குள் ஒன்று பிறாண்டிக்கொண்டிருந்த காலம் அது. போகிற இடம் எதுவும் இல்லாததால் முதலில் மல்லாபூர் போனேன். அண்ணன் ஏணியோடு வந்தார். வண்டியைப் பார்த்ததும் ஏணியைக் கீழே போட்டார்.

என் ஜீப்புக்கு மேலே இருந்தது கேன்வாஸ் துணி.

சவத்தைச் சுற்றுவதுபோல வண்டியைச் சுற்றி வந்தார். "இன்னா தம்பி இது? கூரையே இல்லாத வண்டிக்கு நான் எங்க ஓட்டை போடறது?" குரலில் உண்மையான துக்கம் இருந்தது. சரோஜா அக்கா டீயோடு வந்தவள், "துணிதானே, கத்திரிக்கோல் தரட்டா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போய்விட்டாள். கடைசியில் முன்பக்கத்து மட்கார்டில் துளை போட்டார். வேலை நாலு ஞாயிறு நீண்டது. பேட்டரியிலிருந்து நேராக ஒயர் இழுத்தார், டாஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு என் வண்டியின் முந்தைய மெக்கானிக்குகள் அத்தனை பேரின் வம்சத்தையும் விசாரித்தார்.

வேலை முடிந்தால் சோதனை. அதில்தான் அண்ணனின் முழு அழகும். வண்டியின் சொந்தக்காரரை ஷெட்டில் இன்னொரு செட்டின் முன்னால் உட்கார வைத்துவிட்டு, தானே வண்டியை ஓட்டிக்கொண்டு உப்பல் பக்கம் போவார். மற்றவர்கள் 'ஒன் டூ த்ரீ' சொல்வார்கள். இவர் ரயில்வே ஸ்டேஷன் சொல்வார். அரக்கோணத்தில் ஆரம்பித்து, செகந்திராபாத் வருகிற வழியில் உள்ள பேர்களை, கொஞ்சம் தூரத்துக்கு ஒன்றாக. "திருத்தணீ... புத்தூர்... ரேணிகுண்டா..." நல்ல கணீர்க் குரல். பிளாட்பாரத்தில் நின்று கேட்பதுபோல இருக்கும். எந்த ஸ்டேஷனில் குரல் தேய்ந்து மறைகிறதோ, அதுதான் அந்த வண்டியின் தரம். நெல்லூரோடு நின்றால் வேலை மட்டம். விஜயவாடா தாண்டினால் உத்தமம். "நம்மது வாரங்கல் வண்டி" என்று கிரண் மார் தட்டுவார். கேட்கிற புது ஆளுக்கு நம்பர் பிளேட்டைப் பார்க்கத் தோன்றும்.

என் வண்டி நெல்லூரைக்கூடத் தொடாமல் கூடூரிலேயே செத்தது.

திரும்பி வந்தவர் கதவை அறைந்து சாத்தினார். ஆன்டெனாவைப் பிடுங்கிப் பார்த்தால், அடியில் பெயின்ட் அப்படியே இருக்கிறது. ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறவர், சுரண்ட மறந்திருக்கிறார்.

"எல்லாம் உன்னாலதான்!" என்று வீட்டுப் பக்கம் திரும்பிக் கத்தினார். "சொரண்டறப்ப ஃபோன் பண்ணி உப்பு வாங்கினு வான்னியே!"

"நான் எங்கய்யா ஃபோன் பண்ணேன்? உப்பு வாங்கி ஒரு வாரம் ஆவுது" என்று உள்ளிருந்து பதில் வந்தது.

சுரண்டிப் பொருத்திய பிறகு ஓங்கோல் வரை கேட்டது. ஆனால் அந்தச் சோதனையில்தான் முதன்முதலாக நான் அதைச் சொன்னேன். "அண்ணே, தூரம் சரியா இருக்கு. குரல்தான் கொஞ்சம் கரகரன்னு வருது."

"மைக்கு" என்றார் உடனே.

மைக்கை மாற்றினார். அடுத்த ஞாயிறும் கரகரப்பு. ஒயரை மாற்றினார். பிளக்கை அறுத்துப் புதிதாக ஈயம் வைத்தார். கரகரப்பு கூடியது. வேறு வண்டிக்காரர்களும் சொல்ல ஆரம்பித்தார்கள். அவர் சோதித்த எல்லா வண்டியும் கரகரத்தது. "இந்த லாட் மைக்கே சரியில்ல" என்று ஒரு பெட்டி நிறைய மைக்கைக் கடைக்காரன் முகத்தில் வீசிவிட்டு வந்தார். என் செட்டையே கழற்றிப் பிரித்து மேஜைமேல் பரப்பினார். வாரங்கள் போயின. நாங்கள் எல்லோரும் கூடிக் கூடி ஆராய்ந்தோம். அலை, அழுத்தம், மின்சாரம், மழை ஈரம், எதையும் விடவில்லை. நேரில் பேசும்போதும் அவர் தொண்டை கட்டியிருந்தது. இரும்புத் தூளும் கத்தலுமாக இருக்கிற மல்லாபூரில் தொண்டை கட்டாதவர் யார் என்று விட்டுவிட்டோம். ரேடியோவில் கேட்ட குறையை ரேடியோவில்தானே தேடுவோம்? நாங்கள் ரேடியோ பைத்தியங்கள்.

ஒரு ஞாயிறு சோதனைக்குக் கிளம்பும்போது சரோஜா அக்காவும் ஏறிக்கொண்டாள். உப்பல் மார்க்கெட்டில் இறங்குவதாக ஏற்பாடு. நான் ஷெட்டில் செட்டின் முன்னால். புது மைக், புது ஒயர், புது செட். அவர் "திருத்தணி" என்றார். தகரத்தில் ஆணி கிழிக்கிற சத்தம்.

"அண்ணே, இன்னும் அப்படியேதான் இருக்கு."

ஏதோ திட்டினார். உடனே மைக்கை யாரோ பறிக்கிற சத்தம். "தம்பி, நான் சரோஜா பேசறேன். கேக்குதா? மார்க்கெட்ல வுடறேன்னு இட்டாந்து, மார்க்கெட்டத் தாண்டி எங்கியோ போய்னே கீறாரு இந்தாளு. கொஞ்சம் சொல்லு தம்பி!"

புதுப் பாத்திரத்தைத் தட்டியதுபோல அப்படி ஒரு சுத்தம். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அக்கா, பளிச்னு கேக்குது! அண்ணே, சரியாயிடுச்சு! குறையே இல்ல, சுத்தமா இருக்கு!"

நான் திரும்பவும் கூப்பிட்டேன். வெறும் இரைச்சல். அந்த இரைச்சலைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போதே நான் என்ன சொன்னேன் என்பது எனக்கே மெல்லப் புரிய ஆரம்பித்தது.

வண்டி திரும்பி வந்தது. அண்ணன் இன்ஜினை நிறுத்தினார். மைக்கை அதன் கொக்கியில் மாட்டினார். இறங்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார்.

"மைக்கு நல்லாத்தான் கீது தம்பி" என்றார்.

டாக்டர் நேரடியான மனிதர். குரல்வளையில் புற்று. கதிர்வீச்சு மட்டும் போதும் என்கிற கட்டம் தாண்டிவிட்டது. குரல்வளையையே எடுத்துவிட வேண்டும். கழுத்தின் முன்பக்கம் ஒரு துளை வைத்து, இனி அதன் வழியாகத்தான் மூச்சு. தள்ளிப் போடப் போட உயிருக்கு ஆபத்து.

அண்ணன் கவனமாகக் கேட்டார். "தொளை எங்க வரும்?"

டாக்டர் தன் கழுத்தில் தொட்டுக் காட்டினார்.

"எம்மாம் பெருசு? ஓரமெல்லாம் நல்லா மழமழன்னு வருமா? தண்ணி உள்ள பூராதே?"

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். வெளியே வந்ததும் அண்ணன் சொன்னார்: "ஊர் வண்டியெல்லாம் ஒண்ணாக் கூடி வயிறெரிஞ்சு கீது தம்பி." சொல்லிவிட்டு, சிரிக்காமல், ஆபரேஷன் வேண்டாம் என்றார்.

வேண்டாம் என்று நேராகச் சொன்னால் சரோஜா அக்கா விடமாட்டாள் என்று தெரியும். ஆகவே வேலையைக் காரணம் காட்டினார். இந்த ஒரு வண்டி முடியட்டும். இன்னும் ஒரு வண்டி. டாக்டர் சொன்ன தேதி போனது. அடுத்த தேதியும் போனது. ஷெட் வாசலில் வண்டிகள் வரிசையாக நின்றன. மனிதர் வெறி பிடித்தவர்போலத் துளைத்துக்கொண்டே இருந்தார். குரல் நாளுக்கு நாள் அரைபட்டுத் தேய்ந்தது. "திருத்தணி" என்பதே காற்றாக வந்தது. இத்தனை வண்டி எங்கிருந்து வருகிறது என்று அக்கா விசாரித்தாள். அவரே ஒவ்வொருவராக ஃபோன் பண்ணிக் கூப்பிட்டிருக்கிறார். பழைய வயரிங் மாத்தணும், உடனே வா என்று.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, எல்லா ஜீப்பும் காட்டுக்குக் கிளம்பி ரேடியோ போட்டிருந்த நேரம். அக்கா ஷெட்டுக்குள் போய் மைக்கை எடுத்தாள். நான் என் வண்டியில் கேட்டேன்.

"எல்லாரும் நல்லாக் கேட்டுக்குங்க. நான் சரோஜா பேசறேன். அவருக்குத் தொண்டையில கேன்சர். ஆபரேஷன் பண்ணலேன்னா பூடுவாரு. இனிமே எவனாவது வண்டிய இங்க இட்டாந்தீங்க, நாலு டயரையும் குத்திடுவேன். தமிழ் தெரியாதவங்களுக்குத் தெரிஞ்சவங்க சொல்லிடுங்க."

கிரண்தான் தெலுங்கிலும் உருதுவிலும் சொன்னார். பாதியில் அவர் குரலும் கரகரத்தது. அது மைக் கோளாறு இல்லை என்று இப்போது எங்களுக்குத் தெரியும்.

அதன் பிறகு ஒரு வண்டியும் போகவில்லை. வெறும் ஷெட்டில் அண்ணன் தனியாக உட்கார்ந்திருந்தார். நான் நடந்துதான் போனேன். டயர் மேல் பயம். அக்கா அவர் எதிரில் ஸ்டூலில் இருந்தாள்.

"கொரல் இல்லாம நான் இன்னாத்துக்குடி?" என்றார் காற்றுக் குரலில். "உங்கூடச் சண்டை போடக்கூட முடியாது."

"நான் போடறேன். ரெண்டு பேருக்கும் சேத்து" என்றாள் அக்கா. "இத்தினி வருசம் உன் கொரலத்தான் கேட்டுனு கெடந்தேன். போதும்யா. அது போனாப் போவட்டும். ஆளு இரு."

அவர் கிரைண்டர் சத்தம் வருகிற பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "என்னிக்கி வரணுமாம்?" என்றார்.

ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்னால், எல்லோரிடமும் ஒரு வார்த்தை பேச வேண்டும் என்றார். உப்பல் பக்கம் காலி மைதானத்தில் வண்டிகள் வந்து நின்றன. அவரவர் வண்டியில் அவரவர், ரேடியோவைக் கூட்டி வைத்துக்கொண்டு. என் ஜீப்பில் அவர். நன்றி சொல்வார், கண் கலங்குவார், பொட்டலமாக ஒரு வாழ்க்கை உண்மையைக் கொடுப்பார் என்று நான் நெஞ்சைத் திடப்படுத்திக்கொண்டேன். பொத்தானை அழுத்தினார். "கிரணு, உன் ஃபியூஸு பெருசு, மாத்து. பச்சை வண்டி, உன் ஒயரு சைலன்சர் மேல கீது, என்னிக்காவது எரியும். வெள்ளை வண்டி, மழைக்கு முன்ன கிரீஸ் வெய்யி." இப்படி ஒவ்வொரு வண்டியாக, ஒருவரையும் விடாமல். முடித்ததும் மைக்கை மாட்டிவிட்டு, "வண்டிய எடு" என்றார்.

ஆபரேஷன் தியேட்டர் கதவருகே ஸ்டிரெச்சர் ஒரு நிமிடம் நின்றது. உதடு அசைந்தது. அக்கா குனிந்து காதை வைத்தாள். நிமிர்ந்தபோது அவள் முகத்தில் அழுகைக்கும் ஆத்திரத்துக்கும் நடுவே ஒன்று. கதவு மூடிய பிறகு கேட்டேன்.

"உன் ஜீப்பு நோ பார்க்கிங்ல நிக்குதாம். தூக்கினு பூடுவானாம். போயி எடு."

அதுதான் அவர் பேசிய கடைசிப் பேச்சு. பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் அக்கா இதைச் சொல்வாள். "தாலி கட்டனவளுக்கு ஒரு வார்த்த இல்ல பாரு!"

கிரண் பழங்களோடு வந்தார். கட்டிலருகே நின்று, கழுத்துத் துளையை உற்றுப் பார்த்து, "அண்ணா, சென்டர்லதான் போட்டிருக்காங்க. மேக்னெட் வெக்கல" என்றார். அண்ணனுக்குத் தோள் குலுங்கியது, வயிறு குலுங்கியது, கண்ணில் நீர் வந்தது. சிரிக்கிறார். சத்தம் மட்டும் இல்லை. கழுத்திலிருந்து புஸ் புஸ் என்று காற்று. நாங்களும் கூடச் சிரித்தோம். வெளியே வந்து வராந்தாவில் ஆளுக்கொரு பக்கம் திரும்பி நின்றோம்.

கழுத்தில் அழுத்திப் பேசுகிற ஒரு கருவியை ஆஸ்பத்திரியில் கொடுத்தார்கள். அதன் ஒலி சரியில்லை என்று அன்று சாயங்காலமே பிரித்தார். அதைத் திரும்ப மூடவே இல்லை.

ஷெட் மறுபடி திறந்தது. துளை போடுவது அவர்; சோதனைக்குச் சொந்தக்காரர் ஓட்ட, வண்டியில் ஏறிப் பேசுவது சரோஜா அக்கா. அவளுக்கு ஸ்டேஷன் பேரெல்லாம் தெரியாது. "கல்யாணத்துக்கு மறுநாளே எங்கண்ணங்கூடச் சண்டை போட்டியே, ஞாபகம் கீதா?" என்று ஆரம்பிப்பாள். வண்டி தூரம் போகப் போக வருஷங்களும் நகரும். ஷெட்டில் இருக்கும் அண்ணனால் பதில் பேச முடியாது. எங்கே குரல் தேய்கிறது என்று தெரிய வேண்டுமாகையால் செட்டை அணைக்கவும் முடியாது. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு, காதைச் செட்டின்மேல் சாய்த்துக் கேட்பார். குரல் முழுக்கக் கரைந்த பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே இருப்பார்.

இந்த மழைக்காலத்தில் கழுத்தின் பக்கவாட்டில் இன்னொரு கட்டி வந்திருக்கிறது. இனிமேல் வெட்ட முடியாது என்கிறார்கள். எத்தனை மாதம் என்று அக்கா கேட்கவில்லை, டாக்டரும் சொல்லவில்லை.

என் வண்டியில் எந்தக் குறையும் கிடையாது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை புறப்படுவதற்கு முன் ஆன்டெனாவின் அடியில் இருக்கிற நட்டை நானே கொஞ்சம் தளர்த்திக்கொண்டு மல்லாபூர் போகிறேன். "அண்ணே, சரியா கேக்கல" என்பேன். அவர் மெதுவாக எழுந்து வருவார், மெலிந்துபோன விரல்களால் தடவிக் கண்டுபிடிப்பார், ஸ்பேனரை வைத்து முடுக்குவார். வாரா வாரம் ஒரே நட்டு எப்படித் தளர்கிறது என்று அவர் கேட்டதில்லை.

போன வாரமும் முடுக்கினார். துணியால் துடைத்தார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு ஸ்பேனரை மறுபடி மாட்டி, அரைச் சுற்று அவரே தளர்த்திவிட்டு, பானெட்டைத் தட்டி என்னை அனுப்பிவைத்தார்.